க்ளாரிஸாவைக் கொல்லாதீர்கள்! (18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வாசகர்கள் படித்த புத்தகங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள்?)

மைப்புட்டி:

வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமானது.

சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘க்ளாரிஸா’வை மூன்றாவது தடவையாகக் கையில் எடுத்து, மூன்றாவது தடவையாக இரண்டாம் பாகத்தின் முடிவில் கீழே வைத்துவிட்டேன். ஏழு பாகம். முழுக்கக் கடிதங்கள். ஒன்பது லட்சம் சொல்லுக்கு மேல். பிடிக்காத மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க வீடே திரண்டு ஒரு பெண்ணை நெருக்குகிறது. தப்பிக்க வழி தெரியாமல் லவ்லேஸ் என்ற கெட்டிக்காரப் பொறுக்கியுடன் அவள் வெளியேறுகிறாள். அவன் மயக்க மருந்து கொடுத்து அவளைக் கெடுக்கிறான். அவள் மெல்ல மெல்லச் சாகிறாள். கதை இவ்வளவுதான். ஆங்கில அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனே, ரிச்சர்ட்சனைக் கதைக்காகப் படித்தால் பொறுமை போய்த் தூக்கு மாட்டிக்கொள்வீர்கள், உணர்ச்சிக்காகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த உணர்ச்சியும் வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இதைப் படித்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் எழுதியிருக்கிறது. பத்திரிகை விமர்சகர்கள் சொன்னது எனக்கு வேண்டாம். காசு கொடுத்தோ இரவல் வாங்கியோ படித்தவர்கள் என்ன நினைத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லரித்தபக்கம்:

லேடி பிராட்ஷே என்ற அம்மாளைத் தெரியுமா? லங்காஷயர்க்காரர். உங்கள் கேள்விக்கு முதலில் அவரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

‘க்ளாரிஸா’ ஒரே தவணையில் வரவில்லை. 1747 டிசம்பரில் இரண்டு பாகம், 1748 ஏப்ரலில் இரண்டு, அதே வருடம் டிசம்பரில் மிச்சம் மூன்று. நடுவில் எட்டு மாதம் கதை அந்தரத்தில் தொங்கியது. நாயகி சாகப்போகிறாள் என்று அதற்குள் வதந்தி. 1748 அக்டோபரில் இந்த அம்மாள் ‘பெல்ஃபோர்’ என்ற பொய்ப் பெயரில் ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம் போடுகிறார்: அவளைச் சாகடிக்காதீர்கள், லவ்லேஸைத் திருத்திக் கல்யாணம் பண்ணிவையுங்கள். பதில் ‘வைட்ஹால் ஈவ்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் ஒரு அறிவிப்பாக வர வேண்டுமாம். முகவரி கொடுத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமே.

அதோடு விடவில்லை, சாபமும் கொடுத்தார். அவர் வார்த்தையே ‘சாபம்’தான். என் பேச்சை மீறினால் இளமையும் அழகும் நல்ல குணமும் உள்ள அத்தனை பேரும் உங்களை வெறுக்கட்டும்; கிழடும் அவலட்சணமும் தவிர எதுவும் உங்கள் கண்ணில் படாமல் போகட்டும்; பொறாமை பிடித்த முதிர்கன்னிகளும் சிடுமூஞ்சிப் பிரம்மச்சாரிகளும் கொடுமைக்காரப் பெற்றோரும் மட்டுமே உங்களைப் புகழட்டும்.

ரிச்சர்ட்சன் மசியவில்லை. க்ளாரிஸா செத்தாள். கடைசி மூன்று பாகத்தைப் படித்த விதத்தையும் அந்த அம்மாள் எழுதி அனுப்பியிருக்கிறார்: தனியாக உட்கார்ந்து படிக்கிறார், தாங்க முடியாமல் புத்தகத்தை வைக்கிறார், மறுபடி எடுக்கிறார், அறைக்குள் நடக்கிறார், அழுகிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று வரி படிக்கிறார், அப்புறம் புத்தகத்தை வீசிவிட்டு ‘மன்னியுங்கள் ரிச்சர்ட்சன் அவர்களே, என்னால் முடியாது’ என்று கத்துகிறார்.

அவருடைய பிரதி இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஓரத்தில் அவர் சண்டை போட்டு எழுதிய குறிப்புகள், சிலவற்றுக்கு ரிச்சர்ட்சன் எழுதிய பதில்கள். அவர் சகோதரி லேடி எக்லின் ஒரு படி மேலே போய், அந்தக் கெடுப்பே நடக்காத, லவ்லேஸ் மனம் திருந்துகிற மாதிரி வேறு முடிவு ஒன்றை உட்கார்ந்து எழுதிவிட்டார்.

உப்புமா பிரியன்:

இன்றைக்கு இருந்திருந்தால் அக்கா தங்கை இரண்டு பேரும் ஃபேன்ஃபிக்‌ஷன் தளத்தில் கொடி கட்டிப் பறந்திருப்பார்கள்.

சந்தேகப்பிராணி:

இரண்டு விஷயம்.

ஒன்று, லேடி பிராட்ஷே ஒரு பேரனட்டின், அதாவது பரம்பரைப் பட்டம் உள்ளவரின் மனைவி. பெரிய வீடு, வேலையாட்கள், படிக்க நேரம். மைப்புட்டி கேட்டது சாதாரண ஆட்களை. அங்கேயும் எழுத்தை விட்டுவைத்தவர்களில் பெரும்பாலோர் வசதிக்காரர்கள்தான். சமையல்காரப் பெண் ‘க்ளாரிஸா’ படித்து என்ன நினைத்தாள் என்று எந்த அலமாரியில் போய்த் தேடுவது?

இரண்டு, அந்தக் கடிதத்தை எழுதியது யாருக்கு? நாவலை எழுதியவருக்கே. எழுத்தாளருக்கு எழுதும்போது ‘சுமாராக அழுதேன்’ என்றா எழுதுவார்கள்? அந்த நூற்றாண்டின் நடுவில் அழுகை ஒரு நாகரிகம், நல்ல மனசுக்கு அத்தாட்சி. அதே லேடி பிராட்ஷே 1749-ல் ரிச்சர்ட்சனிடம் கேட்கிறார்: எல்லோரும் ‘சென்டிமென்டல்’, ‘சென்டிமென்டல்’ என்கிறார்களே, அந்த வார்த்தைக்கு உங்கள் கருத்தில் என்னதான் அர்த்தம்? அப்போதுதான் சந்தைக்கு வந்த சரக்கு அது. புது சரக்கைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் உடுத்துவார்கள்.

ராத்திரி ரயில்:

சந்தேகம் அண்ணா, நீங்கள் கேட்ட சமையல்காரப் பெண் கிடைக்கவில்லை. ஒரு மளிகைக்கடைக்காரர் கிடைப்பார், பரவாயில்லையா?

தாமஸ் டர்னர். சஸெக்ஸில் ஈஸ்ட் ஹோத்லி என்ற கிராமம். துணி, மளிகை, எழுதுபொருள் என்று எல்லாம் விற்கிற கடை. ஊர்க் கணக்கு, வரி வசூல், ஏழைகள் பராமரிப்பு என்று எல்லா வேலைக்கும் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 1754 முதல் 1765 வரை டைரி எழுதியிருக்கிறார். அச்சில் போட எழுதியதல்ல. குடித்துவிட்டு வந்து மறுநாள் ‘இனி தொட மாட்டேன்’ என்று எழுதுகிறதும், அடுத்த வாரம் அதையே திரும்ப எழுதுகிறதும், மனைவியோடு போட்ட சண்டையும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட டைரியில் புத்தகத்தைப் பற்றி மட்டும் வேஷம் போடுவானேன்?

அந்த டைரியில் ‘க்ளாரிஸா’ இருக்கிறது. மனைவி உரக்கப் படிக்கிறார், இவர் கேட்கிறார். வந்தது சவ அடக்கக் காட்சி. அன்றைக்கு அவர் எழுதியது: என் முடிவும் கொஞ்சமாவது அந்தத் தெய்வப் பிறவியின் முடிவைப்போல அமைய, அதற்கேற்ற மாதிரி வாழ ஆண்டவன் எனக்கு அருள் தரட்டும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதை நன்றாக இருந்தது, இழுவை, நடை அழகு என்று ஒரு பேச்சும் இல்லை. நேராகத் தன் சாவுக்குப் போய்விட்டார். வேண்டும்போது விமர்சகர் மாதிரியும் பேசுவார் என்பது வேறு. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ படித்துவிட்டு, மொழியின் உயர்விலும் உவமைகளின் அழகிலும் இதுவரை படித்த எல்லாவற்றையும் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறார். கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மில்டனை எடைபோடுகிற மனுஷன்.

ஆனால் அவர் திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகம் மில்டனும் இல்லை, ரிச்சர்ட்சனும் இல்லை. கான்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்த டில்லட்சனின் பிரசங்கங்கள். அந்த நூற்றாண்டு வாசகரைப் பற்றிப் பேசும்போது நாம் பிரசங்கத் தொகுதிகளைத் தள்ளிவிட்டு நாவலுக்கு ஓடிவிடுகிறோம். அவர்கள் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. க்ளாரிஸாவின் சாவை ஒரு பிரசங்கம் மாதிரி அவர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

சந்தேகப்பிராணி:

சரி, இந்த ஆளை ஒப்புக்கொள்கிறேன். நல்ல சாட்சி.

கணக்குப்பிள்ளை:

விலையைப் பேசாமல் வாசிப்பைப் பேச முடியாது, அதனால் நடுவில் புகுகிறேன்.

1749-ல் ஃபீல்டிங்கின் ‘டாம் ஜோன்ஸ்’ ஆறு பாகம், பைண்டிங்கோடு 18 ஷில்லிங். நாட்டுப்புறக் கூலியாளுக்கு வாரத்துக்குப் பத்து ஷில்லிங்கைத் தொடாத காலம். ஒரு நாவலுக்கு இரண்டு வாரக் கூலி! அதனால்தான் இரவல். ஒரு பக்கம் சந்தா கட்டி எடுக்கிற லெண்டிங் லைப்ரரிகள். இன்னொரு பக்கம் வியாபாரிகளும் டாக்டர்களும் பாதிரிமார்களும் சேர்ந்து பங்கு போட்டு நடத்திய நூலகங்கள்: லிவர்பூல் 1758, லீட்ஸ் 1768, பிரிஸ்டல் 1773. ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயரில் இன்னர்பெஃப்ரே என்ற சின்ன நூலகம், காசு வாங்காமல் இரவல் கொடுத்தது. 1747-லிருந்து யார் எதை எடுத்தார்கள் என்ற பேரேடு இன்னமும் அங்கே இருக்கிறது. அதில் நெசவாளர்கள், கைவினைஞர்கள் பெயரும் உண்டு.

1774-ல் டொனால்ட்சன் – பெக்கெட் வழக்கில் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புக் கொடுத்தது. லண்டன் புத்தக வியாபாரிகள் பழைய நூல்களின் உரிமை என்றென்றைக்கும் தங்களுடையது என்று சொல்லிவந்தார்கள், அது உடைந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் மலிவுப் பதிப்பில் வர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு படித்தவர்களையும் முன்னால் படித்தவர்களையும் ஒரே கூட்டமாகப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

அழுகைக் கட்சிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிஸ்டல் நூலகத்தின் 1773–1784 இரவல் பதிவில் முதல் இடம் எந்த நாவலுக்கும் இல்லை. ஜான் ஹாக்ஸ்வொர்த் தொகுத்த கடற்பயணங்களுக்கு, 201 தடவை. கேப்டன் குக்கின் முதல் பயணம் எல்லாம் அதில் வருகிறது. அதைத் தொகுக்க அவருக்குப் பதிப்பகம் கொடுத்தது 6,000 பவுண்டு. ஊர் என்ன படித்தது என்று கேட்டால், கப்பல் போன கதையைப் படித்தது.

மீனாட்சி_பேத்தி:

கணக்கு சார், 201 தடவை எடுத்தார்கள் என்று தெரிகிறது. எடுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பேரேடு சொல்லாதே?

கணக்குப்பிள்ளை:

சொல்லாதுதான் அம்மா. பிரிஸ்டல்காரர்கள் நினைத்தது தெரியாது. அதே புத்தகத்தைப் படித்த வேறொரு ஆள் நினைத்தது தெரியும். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் ஜான் வெஸ்லி. 1773 டிசம்பரில் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். பசிபிக் தீவான டஹிட்டியில் ஆணும் பெண்ணும் பட்டப்பகலில், பலர் பார்க்க, கூடுகிறார்கள் என்று ஹாக்ஸ்வொர்த் எழுதியதைப் படித்துவிட்டு, இதை மதத்தைச் சந்தேகிக்கிற ஹ்யூமோ வால்டேரோ நம்பலாம், என்னால் முடியாது என்கிறார். இந்தப் புத்தகத்தை ‘ராபின்சன் க்ரூஸோ’ வரிசையில்தான் வைக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்.

உப்புமா பிரியன்:

இதற்கு நேர் எதிர் கதை என்னிடம் இருக்கிறது. 1726-ல் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ வந்த ஒரு வாரத்துக்குள் முதல் அச்சு தீர்ந்துவிட்டது. மந்திரி சபையிலிருந்து குழந்தைகள் அறை வரைக்கும் எல்லோரும் படிக்கிறார்கள் என்று கவிஞர் ஜான் கே, ஸ்விஃப்டுக்கு எழுதினார். டாக்டர் ஆர்பத்நாட் எழுதிய கடிதம் இன்னும் ஜோர். ஒரு வயசான கனவானிடம் புத்தகத்தைக் கொடுத்தார்களாம். அவர் நேரே எழுந்து போய் மேப்பை விரித்து, கதையில் வருகிற குள்ளர் நாடான லில்லிபுட்டைத் தேடினாராம்! அயர்லாந்தில் ஒரு பிஷப், ‘இதில் நம்ப முடியாத பொய்தான் நிறைய இருக்கிறது, நான் அநேகமாக ஒரு வார்த்தையும் நம்பவில்லை’ என்றாராம்.

ஆக ஒருவர் லில்லிபுட்டை மேப்பில் தேடுகிறார், இன்னொருவர் டஹிட்டியைக் கட்டுக்கதை என்கிறார்.

சந்தேகப்பிராணி:

உப்புமா, அந்த இரண்டு கதையும் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். மேப் கதையைச் சொன்ன ஆர்பத்நாட், ஸ்விஃப்டின் நண்பர், அவரே பெரிய நையாண்டி எழுத்தாளர். பிஷப் கதையை எழுதியது ஸ்விஃப்டே. புத்தகமே பொய்ப் பயண நூல் வேஷம் போட்டு வந்தது, அட்டையில் ஸ்விஃப்ட் பெயர்கூடக் கிடையாது. நண்பர் கூட்டம் சேர்ந்து விளையாட்டைத் தொடர்கிறது. பிஷப் முட்டாளா, அவரும் சேர்ந்து விளையாடினாரா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. மேப்புக் கிழவரை நினைத்து நாம் சிரித்துக்கொண்டிருக்க, ஆர்பத்நாட் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இதே வகையில் ‘பமேலா’ மணிக் கதை. ரிச்சர்ட்சனின் முதல் நாவல், 1740. ஒரு கிராமத்தில் கொல்லர் பட்டறையில் உட்கார்ந்து கோடைக்கால மாலைகளில் உரக்கப் படிக்கிறார், ஊர் கூடிக் கேட்கிறது. வேலைக்காரி பமேலாவுக்கு எஜமானோடு கல்யாணம் என்றதும் எல்லோரும் ஆரவாரம் போட்டு, சர்ச் சாவியை வாங்கி மணியடித்துக் கொண்டாடிவிட்டார்கள். அருமையான காட்சி. எழுத்தில் வந்தது எப்போது? 1833-ல், வானியலாளர் ஜான் ஹெர்ஷல் ஒரு பேச்சில் சொன்னார். வின்ஸரில் இருந்து, காலமான ஒரு பெரியவர் அவரிடம் சொன்னதாம். நாவல் வந்து 90 வருஷத்துக்கு மேல். அந்த மணிச் சத்தம் எனக்கு ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது, அதனாலேயே நம்ப மாட்டேன்.

ராத்திரி ரயில்:

மணியை விடுங்கள், கொல்லரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அன்றாட விஷயம். டர்னர் வீட்டிலேயே பார்த்தோமே. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும், புத்தகம் ஒன்று போதும், மெழுகுவர்த்தியும் ஒன்று போதும். 18 ஷில்லிங்கை அப்படித்தான் சமாளித்தார்கள்.

மீனாட்சி_பேத்தி:

மைப்புட்டி, நீங்கள் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன் என்றதைப் படித்ததிலிருந்து ஒருவரைச் சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் பேரனைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

லேடி மேரி வொர்ட்லி மொண்டேகு. அம்மைப்பால் குத்துகிற துருக்கி வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். வயசான காலத்தில் இத்தாலியில் தனியாக இருந்தார். மகள் லேடி ப்யூட் லண்டனிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் கப்பலில் அனுப்புவார். பெட்டி வந்துவிட்டால் தூக்கம் கிடையாது. 1749-ல் அப்படி வந்த பெட்டியில் ஃபீல்டிங் புத்தகம் இருந்தது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன், என்ன முட்டாள்தனம் என்று மகளுக்கு எழுதுகிறார். ஃபீல்டிங் அவருக்கு உறவும்கூட.

ரிச்சர்ட்சனை இந்த அம்மாளுக்கு ஆகாது. அச்சகம் நடத்துகிறவர், பெரிய இடத்துப் பழக்கவழக்கம் ஒன்றும் தெரியாமல் பெரிய இடத்தைப் பற்றி எழுதுகிறார் என்று இளக்காரம். ஆனால் 1755-ல் மகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்: அந்த ஆளை மனதார வெறுக்கிறேன், ஆவலோடு படிக்கிறேன், வெட்கக்கேடான முறையில் தேம்பி அழவும் செய்கிறேன். சந்தேகம் தம்பி, இது ரிச்சர்ட்சனுக்குப் போன கடிதம் இல்லை, கவனியுங்கள். மகளிடம் இதைச் சொல்லி அவருக்கு ஆகப்போவது என்ன? மானம் போனதுதான் மிச்சம்.

அடுத்த வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ‘க்ளாரிஸா’வின் முதல் இரண்டு பாகம் என் கன்னிப் பருவத்தை அப்படியே ஒத்திருந்ததால் என்னைத் தொட்டது என்கிறார். கதை தெரியுமோ? 1712-ல் அவர் அப்பா வேறொரு மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணினார். எட்வர்ட் வொர்ட்லியோடு பேச்சு முறிந்ததற்குக் காரணமே சொத்து. இன்னும் பிறக்காத மூத்த மகனுக்குச் சொத்தை இப்போதே எழுதிக் கட்டு என்று அப்பா கேட்டார், வொர்ட்லி மாட்டேன் என்றார். மேரி வீட்டைவிட்டுக் கிளம்பி வொர்ட்லியையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். நீங்கள் உணர்ச்சியே வரவில்லை என்று மூடிவைத்த அந்த இரண்டு பாகத்தில் பூட்டின அறை, ஒளித்து அனுப்புகிற கடிதம், சொத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்கிற அண்ணன், வாய் திறக்காத அம்மா எல்லாம் இருக்கிறது. அந்தக் கிழவியைத் தொட்டது அங்கேதான்.

சந்தேகப்பிராணி:

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. ஆனால் இந்தக் குடும்பத்திலேயே என் கட்சிக்கும் ஒரு சாட்சி இருக்கிறது, விடுவேனா?

லேடி ப்யூட்டின் மகள் லேடி லூயிசா ஸ்டூவர்ட், அதாவது உங்கள் லேடி மேரியின் பேத்தி. 1771-ல் ஹென்றி மெக்கென்ஸியின் ‘உணர்ச்சியுள்ள மனிதன்’ நாவல் வந்தது. அதைப் படித்தபோது அவருக்கு 14 வயசு. 1826-ல் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்கிறார்: அம்மாவும் அக்காமாரும் அழுது உருகினார்கள்; எனக்கோ உள்ளுக்குள் ஒரு பயம், நல்ல மென்மனசுக்காரி என்று பேர் வாங்கும் அளவுக்கு அழுகை வராமல் போய்விடுமோ என்று!

இன்னும் கேளுங்கள். இத்தனை வருடம் கழித்து அதே புத்தகத்தை ஒரு கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். எல்லோரும் உருகப்போகிறார்கள் என்று எதிர்பார்த்த இடங்களில் சிரித்துவிட்டார்கள்.

ராபர்ட் பர்ன்ஸ் பைபிளுக்கு அடுத்தபடி மதிக்கிறேன் என்று சொன்ன புத்தகம் அது.

மீனாட்சி_பேத்தி:

பாட்டி அழக்கூடாது என்று நினைத்து அழுதாள், பேத்தி அழ வேண்டுமே என்று பயந்தாள். அந்தப் பதினாலு வயசுப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. என் வீட்டிலும் சினிமா பார்க்கும்போது எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள், நான் மட்டும் முந்தானையால் சும்மா கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

செல்லரித்தபக்கம்:

இதுவரை வராத ஒருவரைச் சேர்க்கிறேன். இக்னேஷியஸ் சாஞ்சோ. ஆப்பிரிக்க வம்சாவளி, மொண்டேகு பிரபு வீட்டில் வேலை, பிற்பாடு வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக்கடை. 1766-ல் லாரன்ஸ் ஸ்டெர்னுக்கு எழுதுகிறார். அவருடைய ‘ட்ரிஸ்ட்ரம் ஷாண்டி’ நாவலில் வருகிற கார்ப்பரல் ட்ரிம்மோடு கைகுலுக்கக் கொளுத்துகிற வெயிலில் பத்து மைல் நடப்பேன் என்கிறார். அதோடு ஒரு விண்ணப்பம்: மேற்கிந்தியத் தீவுகளில் நடக்கிற அடிமை முறையைப் பற்றி அரை மணி நேரம் உங்கள் பேனாவைத் திருப்புங்கள். ஸ்டெர்ன் பதில் போட்டார், ஒரு கறுப்பினப் பெண்ணின் துயரத்தை இப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று.

லேடி பிராட்ஷே ஒரு கற்பனைப் பெண்ணைக் காப்பாற்றச் சொல்லி எழுதினார். சாஞ்சோ நிஜ மனிதர்களுக்காக எழுதினார். இரண்டு பேருக்குமே புத்தகம் எழுதியவர் கடிதம் போட்டால் எட்டுகிற தூரத்தில் இருந்தார். ஜான்சன் 1776-ல் ‘விசித்திரமானது எதுவும் நிலைக்காது, ட்ரிஸ்ட்ரம் ஷாண்டி நிலைக்கவில்லை’ என்று சொன்னதைக் கல்லூரியில் மனப்பாடம் பண்ணினேன். சாஞ்சோவின் பத்து மைலை யாரும் சொல்லித்தரவில்லை.

உப்புமா பிரியன்:

லேடி பிராட்ஷேயும் ரிச்சர்ட்சனும் கடைசியில் நேரில் பார்த்தார்களா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

செல்லரித்தபக்கம்:

பார்த்தார்கள். அது தனிக் கூத்து. அந்த அம்மாள் லண்டன் வந்தபோது, நீங்கள் பார்க்கில் நடங்கள், நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்றார். ரிச்சர்ட்சன் தன் அங்க அடையாளத்தை எழுதி அனுப்பினார்: குள்ளம், கொஞ்சம் பருமன், வெளிர்நிற விக், ஒரு கை மார்புக்குள், இன்னொரு கையில் பிரம்பு. அறுபது வயசு மனுஷன், நாள் நாளாக அங்கே நடந்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டும் வாய் திறக்காமல் போனார். 1750-ல்தான் நேரில் அறிமுகம்.

அப்புறம் ரிச்சர்ட்சனின் படம் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டினார். ஒரு நாவலாசிரியரோடு கடிதத் தொடர்பு இருக்கிறது என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. படத்தில் இருந்த பெயரை ‘டிக்கென்சன்’ என்று மாற்றிவிட்டார்.

மைப்புட்டி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன், மீனாட்சி அம்மா சொன்ன கண்ணோடு. அண்ணன் ஜேம்ஸ் ஹார்லோ வருகிற கடிதமெல்லாம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு அத்தையின் கல்யாணப் பேச்சு ஞாபகம் வந்தது, அதை இங்கே எழுத முடியாது.

அழவில்லை. இரண்டு மணி வரை தூங்கவும் இல்லை.

ஒரு உதவி: என்னிடம் இருக்கிற பதிப்பில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பெரிய எழுத்தில், பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட பதிப்பு யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? தபால் செலவு என்னுடையது.